மெஷின் வாய் மூடிய திங்கட்கிழமை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரிகத்தில் எங்கள் தெரு முழுக்கப் பேப்பர் விரித்திருந்தோம்.

முழுக்க என்றால் முழுக்க. என் வீட்டு வாசலில் ஆரம்பித்து, வரிசையாக நிற்கிற லைன் வீடுகளைத் தாண்டி, தெருக்கோடியில் தண்ணிக் குழாய் வரைக்கும். ஒரே பேப்பர். நடுவில் எங்கேயும் வெட்டாத பேப்பர். சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். "இன்னாண்ணா விசேஷம், கட்சி மாநாடா?" என்று கேட்ட ஒருத்தனிடம், "கம்ப்யூட்டர் வேலை நடக்குது, பாத்துப் போ" என்றேன்.

கோலார் தங்க வயலில் தெருவில் நின்று இந்த வார்த்தையைச் சொன்ன முதல் ஆள் நான்தான். வேறு யாராவது இருந்தால் எழுதிப் போடுங்கள். இருக்க மாட்டார்கள்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் கதை மனப்பாடம். நாலாம் கிளாஸோடு நின்றவன். நந்திதுர்க் சுரங்க ஷாஃப்ட் வாசலில் டீ கேன் தூக்கினவன். பிறகு பஞ்சர் ஒட்டினேன். பிறகு வாடகை சைக்கிள் விட்டேன். இன்றைக்கு மைசூர் மைன்ஸில் ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிற சைக்கிள்களைப் பாருங்கள் — பாதிக்குப் பாதி என் கடைச் சரக்கு. புது வாசகர்களுக்காகச் சொன்னேன். பழைய வாசகர்கள் இன்னொரு தடவை சந்தோஷப்படுங்கள்.

என் பெருமை இருக்கட்டும். இது என் மகள் வசந்தாவின் கதை. அவளும் என் தயாரிப்புதானே... சரி, கதைக்கு வருகிறேன்.

வசந்தா பி.எஸ்ஸி. கணக்கு படித்தவள். பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. விடியற்கால ரயிலில் போவாள், விளக்கு வைத்த பிறகு வருவாள். ஆனால் பர்மனென்ட் இல்லை — ப்ரொபேஷன். அது அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. கன்ஃபர்ம் ஆனால் அந்த ஆபீஸில் ப்ரோகிராம் எழுதுகிற முதல் பெண் அவள்தான். ஆகவில்லை என்றால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அப்படி உட்காருகிற நாளுக்காகவே ரெண்டு மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே வந்து காபி குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். ரெண்டு மாப்பிள்ளைக்கும் காது பெரிசு.

அவள் வேலை என்ன? எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்குப் புரியாதா?

கம்ப்யூட்டர் என்பது ஒரு ஹாலையே அடைத்துக்கொண்டு நிற்கிற மெஷின். என்ன செய்ய வேண்டும் என்று அதற்கு வரி வரியாக எழுதித் தர வேண்டும். ஒரு வரிக்கு ஓர் அட்டை. அட்டை பூராவும் ஓட்டை. அட்டைக் கட்டை எடுத்து வைத்தால் மெஷின் ஒவ்வொன்றாகப் படித்து, தனக்குத் தெரிந்த பாஷைக்கு மாற்றிக்கொள்ளும். படிக்கும்போதே அத்தனை வரியையும் நீளப் பேப்பரில் அச்சடித்தும் தள்ளும். கடைசிப் பக்கங்களில் புகார்.

புகாரில் ரெண்டு ஜாதி. தப்பு என்றால் மெஷின் நின்றுவிடும். அது பரவாயில்லை, திருத்திக்கொள்ளலாம். இன்னொன்று இருக்கிறது... 'தப்புன்னு சொல்ல முடியல, ஆனா எனக்கு மனசு ஒப்பல' என்கிற ரகம். அட்டை நம்பரைப் போட்டு, பக்கத்தில் W என்று ஓர் எழுத்தைப் போட்டு, ஒரு வரி முணுமுணுக்கும். வார்னிங். முணுமுணுத்துவிட்டு வேலையையும் செய்துவிடும்.

நம் வீடுகளிலும் இப்படி ஆள் உண்டு இல்லையா?

வசந்தாவிடம் கொடுத்திருந்தது பெரிய ப்ரோகிராம். ஏதோ ஒரு பாக்டரி ஸ்டோரில் இருக்கிற சாமான் அத்தனைக்கும் கணக்கு வைக்கிற ப்ரோகிராம். ஒருத்தர் பாதி எழுதி வேலை மாறிப் போய், அடுத்தவர் கொஞ்சம் எழுதி அமெரிக்கா போய், கடைசியில் இவள் மடியில் வந்து விழுந்தது. அட்டை ஆயிரக்கணக்கில். W நூற்றுக்கணக்கில்.

சனிக்கிழமை சாயந்தரம் பேப்பர்க் கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்ணிக் குடம் தூக்குகிற மாதிரி ஸ்டேஷனிலிருந்து வந்து சேர்ந்தாள். முகம் சரியில்லை.

"இன்னாமா?"

"திங்கக்கிழம ப்ரோகிராம் பாக்டரிக்குப் போவுதுப்பா. நான் கையெழுத்துப் போட்டுத் தரணும்."

"போடறதுதானே?"

"இத்தனை வார்னிங் கீது. நான் போட மாட்டேன்னுட்டேன்."

ப்ரொபேஷனில் இருக்கிற பெண், மேலதிகாரியிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"சீஃப் இன்னா சொன்னாரு?"

"ஓடற வண்டிய எதுக்குப் பிரிக்கறன்னாரு. W-ன்னா யாரும் பாக்கறதே இல்லியாம். சரி, உனக்கு அவ்ளோ பிடிவாதமா இருந்தா திங்கக்கிழம காலைல ஒரே ஒரு தரம் மெஷின் தரேன், நீ கை வெச்சு அது நின்னுச்சுன்னா கன்ஃபர்மேஷன மறந்துடுன்னாரு."

நியாயமான மனுஷன் என்று எனக்குப் பட்டது. நன்றாக ஓடுகிற சைக்கிளைப் பிரித்து மேய்கிறவனை நானும் என் கடையில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

"வசந்தா, நம்ம ஊர்ல பூமி ஆடுது. பூமிக்கடியில எங்கியோ பாறை வெடிச்சு, அலமாரில தட்டு கிடுகிடுங்குது. யாராச்சும் எழுந்து ஓடறோமா? சோறு தின்னுகினே இருக்கறோம். அந்த மாதிரிதான் இதுவும். கையெழுத்தப் போடும்மா."

"ஓடாம இருக்கறது தைரியமாப்பா? பழகிப்போச்சு, அவ்ளோதான்." கட்டைத் தொப்பென்று கீழே வைத்தாள். "இத்தனை முணுமுணுப்புக்கு நடுவுல நெஜமா ஒண்ணு கத்தினா எப்டி கேக்கும்? அதான் எனக்கு பயம்."

பேச்சை விட்டுவிட்டு, வாசலில் நின்ற சைக்கிளைத் துடைக்கப் போனேன். எனக்கு இது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை.

ஞாயிறு காலையில் கூடத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தாள். அங்கேதான் கஷ்டம். புகார் எல்லாம் கடைசிப் பக்கத்தில். புகார் வாங்கின அட்டை எங்கேயோ நடுவில். கடைசியில் நம்பரைப் பார், நடுவுக்குப் புரட்டு, வரியைத் தேடு, மறுபடி கடைசிக்கு வா. அடுத்த நம்பர், அடுத்த புரட்டல். ஒன்றோடு ஒன்று ஒட்டின பேப்பர் என்பதால் புரட்டப் புரட்ட அது சரிந்து, கூடத்தை ரொப்பி, சமையல் ரூம் வாசலை அடைத்துவிட்டது. என் சம்சாரம் ராஜம்மா கையில் கஞ்சிப் பானையோடு தாண்ட முடியாமல் நின்றாள்.

"அடுப்படிக்குப் போக வழி உடுவியா, மாட்டியா? வடகம் காய வெக்கிற மாதிரி தெருவுல கொண்டு போய் விரிச்சுத் தொலையேன்டி."

கோபத்தில் சொன்ன வார்த்தை. வசந்தா தலை நிமிர்ந்து அவளையே பார்த்தாள். பிறகு கட்டை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள்.

ஐடியா யாருடையது என்று சிலர் கேட்கிறார்கள். என் வீட்டிலிருந்து வந்தது. அது போதும்.

எங்கள் ஊரில் தெருவில் ஒரு பாயை விரித்தால் என்ன ஏது என்று நாலு பேர் வருவார்கள். இது தெரு நீளப் பேப்பர். சும்மா இருப்பார்களா? அவரவர் வீட்டுக்கு எதிரே விழுந்த பேப்பருக்கு அவரவரே சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். "ஏ, எங்க வூட்டு பேப்பர மிதிக்காத" என்று சண்டைகூட வந்தது.

வழி என்னவென்றால், புகார்ப் பக்கம் குழாயடியில் இருக்கிறது. அங்கே ஓர் ஆள் உட்கார்ந்து அட்டை நம்பரைக் கத்த வேண்டும். யார் வீட்டுக்கு எதிரே அந்த நம்பர் விழுகிறதோ, அவர்கள் அந்த வரிமேல் ஒரு சின்னக் கல்லை வைக்க வேண்டும். அவ்வளவுதான். சம்பளச் சீட்டும், சுரங்கத்தில் ஆளுக்கு ஒரு டிக்கெட் நம்பருமாக வாழ்கிற ஊர் இது. எங்கள் தெருவில் நம்பர் படிக்கத் தெரியாத ஆளே கிடையாது.

கத்துவதற்கு தேவராஜ். பக்கத்து லைன் வீட்டுக்காரன். ஷாஃப்ட் வாயில் நின்றுகொண்டு, ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜை மேலும் கீழும் அனுப்புகிற வேலை அவனுக்கு. அவன் வீட்டில் பெண்டாட்டியைக் கூப்பிட்டால் ஸ்டேஷனில் கேட்கும்.

"நாலு, ஏழு, ரெண்டு, ஒண்ணு."

"எங்களுதுதான்" என்று எங்கிருந்தோ ஒரு குரல். கல் விழும்.

"நாலு, ஏழு, ரெண்டு, அஞ்சு."

"அதுவும் எங்களுதுதான்."

"இன்னா, உங்க வூட்லயே எல்லாம் விழுது? வாஸ்து சரியில்லியா?" இது எதிர்வரிசை.

நடுவில் ஒருமுறை பூமி ஆடியது. திறந்திருந்த வீடுகளில் பாத்திரம் எல்லாம் கலகலத்தது. தேவராஜ் படிப்பதை நிறுத்தி, காதைச் சாய்த்து, "சின்னதுதான்" என்றான். உடனே அடுத்த நம்பர். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நகர்ந்துபோன கற்களை மட்டும் பெண்கள் பதறிப்போய்ச் சரிசெய்தார்கள். வசந்தா என்னைப் பார்த்தாள். நான் சைக்கிள் மணியைப் பரிசோதிக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

இனிமேல்தான் கன்னியம்மா வருகிறாள். அவள் எங்கள் தெருவில் நடு வீடு. மைன்ஸ் ஆஸ்பத்திரியில் ஆயா. மருந்து பாட்டில் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் எழுத்து கூட்டுவாள். அடுத்த வீட்டுப் பானையைத் திறந்து பார்க்காமல் அவளுக்குப் பொழுது போகாது. தன் பங்குக் கல் வைத்து முடிந்ததும், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் பேப்பரை மேய ஆரம்பித்தாள். கல் இருக்கிற வரி ஒவ்வொன்றிலும் குனிந்து எழுத்துக் கூட்டினாள். ஒரு வீடு, ரெண்டு வீடு, மூன்று வீடு...

நிமிர்ந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள். "இன்னாடி இது? என் வூட்டுக் கல்லுலயும் பீ-ஏ-ஆர்-டி, உன் வூட்டுக் கல்லுலயும் பீ-ஏ-ஆர்-டி. தெருவுக்கே ஒரே கொழம்பா வெச்சிருக்கீங்க?"

எல்லாரும் சிரித்தோம். வசந்தா மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா, இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள்.

"பீ, ஏ, ஆர், டி. அப்பால ஒரு கோடு. அப்பால இன்னாவோ. எல்லாத்துலயும் அதேதான் கண்ணு. வேணா நீயே வந்து பாரு."

வசந்தா வந்து பார்க்கவில்லை. எதிர்ப்பக்கமாக, எங்கள் வீட்டை நோக்கி ஓடினாள். பேப்பர் ஆரம்பிக்கிற இடம் அதுதான். மண்டிபோட்டு உட்கார்ந்து, விரலை வைத்து வரி வரியாகத் தேடினாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. அங்கே கல்லே இல்லை. அந்த வரிமேல் மெஷின் ஒரு புகாரும் சொல்லவில்லை.

"அப்பா, இது ஒரு டப்பா மாதிரி. பார்ட் நம்பர, அதான் அக்கா சொன்ன பீ-ஏ-ஆர்-டிய, போட்டு வெக்கிற டப்பா. யாரோ ஒரு எழுத்துக்குச் சின்னதாச் செஞ்சு வெச்சிட்டாங்க. இங்க தப்பு. கீழ எங்கெல்லாம் இந்த டப்பாவுல நம்பரக் கொட்டறோமோ, அங்கெல்லாம் கடைசி எழுத்து வழிஞ்சு கீழ போவுது. அத்ததான் தெரு முழுக்கக் கத்திகினு கீது."

"ஒரு எழுத்துதானே? போனா போவுது."

"அந்தக் கடைசி எழுத்து L இல்லன்னா R. லெஃப்ட், ரைட்."

வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். இதற்கு எனக்கு கம்ப்யூட்டர் தெரிய வேண்டியதில்லை. சைக்கிளில் இடது பெடலும் வலது பெடலும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். மரை மட்டும் நேர் எதிர். இடதை வலதில் வைத்து முறுக்கினால் ரெண்டு சுற்றில் க்ராங்க்கே பாழ். ஒரு பாக்டரி பூராவும் லெஃப்டும் ரைட்டும் ஒரே நம்பரில் கலந்து கிடந்தால்?

"இதுவரிக்கும் எவனுக்கும் தெரியலியா?"

"டெஸ்ட் பண்ண குடுத்த சாமானுக்கெல்லாம் கடைசி எழுத்தே இல்லப்பா. போல்ட், வாஷர்... அதுங்களுக்கு ஏது லெஃப்ட் ரைட்டு? அதான் ஒழுங்கா ஓடிச்சு."

அப்படியென்றால் அவள் கையெழுத்துப் போட்டிருந்தால்... நேற்றைக்கு 'போடும்மா' என்று சொன்னது யார் என்று வசந்தா கேட்கவில்லை. நல்ல வளர்ப்பு.

பென்சிலால் அந்த ஒரு வரியைத் திருத்தினாள். பிறகு தெருவில் இறங்கி, "பீ-ஏ-ஆர்-டி கல்லை எல்லாம் எடுத்துடுங்க" என்றாள். ஒரு நிமிஷம் கழித்து, தெரு மழை பெய்து துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நூற்றுக்கணக்கான கல் போய், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில்லறைதான் மிச்சம். மிச்சக் கல் ஒவ்வொன்றின் பக்கத்திலும் சப்பணம் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். இது யாரோ பேர் வைத்துவிட்டு உபயோகமே பண்ணாத சமாசாரம், எடுத்துவிடலாம். இது புள்ளி வைக்க மறந்தது. இது சும்மா பயம், ஆனாலும் மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றி எழுதுகிறேன்... கல் எடுக்க எடுக்க, அந்தந்த வீட்டுக்காரர்களுக்கு வெற்றிபெற்ற சந்தோஷம். "எங்க வூடு க்ளீன்" என்று கன்னியம்மா அறிவித்தாள். எதிர்வீட்டுக் கல் எல்லாவற்றுக்கும் கடைசியாகப் போனதற்கு அந்த அம்மாவுக்கு முகமே செத்துவிட்டது.

மத்தியானம், தங்கம் பிரித்த கழிவு மண்ணைக் கொட்டின சயனைட் மேட்டிலிருந்து மண் காற்று கிளம்பும் நேரம். அதற்குள் முடித்தாக வேண்டும். முடித்தோம். ரெண்டு ரெண்டு பெண்களாக எதிரெதிரே நின்று, புடவை மடிக்கிற மாதிரியே மடித்து மடித்துக் கட்டாக்கிக் கொடுத்தார்கள். ஒரு மடிப்புகூடத் தப்பவில்லை.

திங்கட்கிழமை நானும் பெங்களூருக்குக் கூடவே போனேன். எதுக்குப்பா என்றாள். கடைக்கு ஸ்போக் வாங்க வேண்டும் என்றேன். ஸ்போக் என் கடையில் மலையாகக் கிடக்கிறது. அவளுக்கும் அது தெரியும்.

ரயிலில் அவள் அந்த ஒரு வரியைக் காகிதத்தில் எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கை வைத்துவிட்டாளே. ஓடுகிற வண்டியில் கை வைத்துவிட்டாளே. டப்பாவைப் பெரிசாக்கினதில் வேறெங்காவது இடித்தால்? எனக்குத் தெரிந்த சாமி எல்லோரிடமும் பேசிக்கொண்டு வந்தேன். மாதா கோயில் தாண்டும்போது அங்கேயும் ஒரு வார்த்தை.

ஆபீஸில் மெஷின் ரூமுக்கும் வராந்தாவுக்கும் நடுவில் கண்ணாடி. வெளியே பெஞ்சில் என்னை உட்காரச் சொன்னார்கள். திருத்தின வரிகளுக்குப் புதிதாக ஓட்டை போட்ட அட்டைகளைக் கட்டில் சொருகி, ஆபரேட்டர் மெஷினில் வைத்தார். ஒரே ஒரு தரம்தான். தடதடவென்று பேப்பர் ஓட ஆரம்பித்தது. ஓடி, ஓடி... நின்றது.

ஆபரேட்டர் பேப்பரைக் கிழித்தார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். முன்னால் ஒரு பக்கம் பார்த்தார். மெஷினுக்குப் பின்னால் போய்க் குனிந்து தரையில் தேடினார். பேப்பர்ப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

நின்றுபோச்சு. அவ்வளவுதான், கதை முடிந்தது. அந்த ரெண்டு மாப்பிள்ளைகளில் யாருக்குக் காது கொஞ்சம் சின்னது என்று யோசிக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

சீஃப் வந்தார். கன்னடத்தில் பேசினார்கள். எனக்கு நாலு பாஷை தெரியும், கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்தே புரிந்தது.

"கடைசிப் பக்கம் எங்கே?" — சீஃப்.

"அதான் தேடறேன் சார். எப்பவும் ஒரு கத்தை W வரும். இதுல ஒண்ணுமே வரல. பேப்பர் மாட்டிக்கிச்சோ என்னமோ."

வசந்தா மெதுவாகச் சொன்னாள். "மாட்டல சார். அவ்ளோதான். இனிமே இல்ல."

சீஃப் அவளைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவள் ரெண்டு சாமானை மெஷினுக்குக் கொடுத்தாள். ஒன்று L, ஒன்று R. பழைய ப்ரோகிராமில் ரெண்டும் ஒரே வரியில் போய் விழுந்திருக்கும். இப்போது தனித்தனியாக, ரெண்டு வரியில் வந்து நின்றது. மனுஷனுக்கு எத்தனை பாக்டரி கண்முன் வந்து போச்சோ. பிறகு பேனாவை எடுத்து, "நீ போடு முதல்ல, அப்புறம் நான் போடறேன்" என்று அவளிடமே நீட்டினார். கன்ஃபர்மேஷன் கடிதம் அந்த வாரமே டைப் ஆகும் என்றார்.

"இதை நீ ஒருத்தியாவா கண்டுபிடிச்சே?"

"இல்ல சார். எங்க தெரு."

சீஃபுக்குப் புரியவில்லை. நான் கண்ணாடிக்கு வெளியே எழுந்து நின்று வணக்கம் போட்டேன். தெருவின் சார்பில்.

சாயந்தரம் ரயில் இறங்கி வந்தால், தெருவே குழாயடியில் காத்திருந்தது. ராஜம்மா பாயசம் வைத்திருந்தாள். கல்யாண வீட்டுச் சம்பந்தி மாதிரி தேவராஜ் முன்னால் வந்து கை கொடுத்தான். கன்னியம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"கண்ணு, மெஷினு இன்னா சொல்லிச்சு?"

"ஒண்ணுமே சொல்லலக்கா."

கன்னியம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "ஒண்ணுமே சொல்லலியா? நேத்து காலைலேருந்து வெய்யில்ல முட்டி போட்டோமே. ஒரு நல்ல வார்த்தை சொல்லக் கூடாதா அது?"

"நல்லா இருந்தா அது பேசாதுக்கா. குறை இருந்தாதான் பேசும்."

"ஓ, இந்த ஜாதியா?" என்றாள் ராஜம்மா, பாயசத்தைக் கிளறிக்கொண்டே. "எங்க வூட்லயும் ஒண்ணு கீது. கல்யாணமான நாள்லேருந்து பாக்கறேன். உப்பு கொறஞ்சாதான் அதுக்கு வாயே தொறக்கும்."

தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது. இந்த ஊரில் இத்தனை வருஷம் பாடுபட்டு முன்னுக்கு வந்தவனுக்கு, பொதுமக்கள் முன்னிலையில் இப்படி ஒரு வரவேற்பு.

அன்றைக்கு இலையில் உட்கார்ந்து, ரெண்டு வாய் சாப்பிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ராஜம்மா... சாப்பாடு நல்லா இருக்குது" என்றேன்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.